காட்டப்படும் பணமும் கைக்கு வந்த பணமும்

வியாபாரத்தில் ஏமாற்று என்றதும் வாங்குபவர் ஏமாற்றப்படுவதையே நாம் வழக்கமாக எண்ணிக்கொள்கிறோம். நிறை குறைந்த தராசு, கலப்படம் செய்யப்பட்ட உணவுப் பொருள், காலாவதியான மருந்து என எமது முறைப்பாடுகள் பெரும்பாலும் விற்பவருக்கு எதிராகவே எழுந்துவந்துள்ளன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் வாங்குபவரைப் பாதுகாப்பதையே தனது முதன்மைப் பணியாகக் கொண்டுள்ளது. ஆனால் இணையத்தின் வழியே பொருட்கள் கைமாறத் தொடங்கிய பின்னர் இந்நிலை ஒரு பக்கத்தில் தலைகீழாகியுள்ளது. பொருளையும் கொடுத்துவிட்டு, பணமும் வந்து சேராமல் நிற்பவர் இங்கே விற்பவரே.

இவ்வாறு விற்பவர்கள் கடை வைத்திருக்கும் வணிகர்களும் அல்லர். வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லும் மகனுக்காக மோட்டார் சைக்கிளை விற்கும் தந்தை, வீட்டை மாற்றும்போது குளிர்சாதனப் பெட்டியை விளம்பரப்படுத்தும் ஆசிரியை, தையல் இயந்திரத்தை விற்றுக் கடனின் ஒரு பகுதியைத் தீர்க்க முயலும் குடும்பத் தலைவி ஆகியோரே இவர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பல குடும்பங்களை வீட்டிலுள்ள பொருட்களை விலை பேசும் நிலைக்குத் தள்ளியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அத்தகைய ஒருவரிடமிருந்து ஒரு மடிக்கணினி பறிபோகும்போது இழக்கப்படுவது மடிக்கணினி மாத்திரமன்று. அதன் விலையை நம்பி ஏற்கெனவே திட்டமிடப்பட்ட ஒரு கட்டணமோ, ஒரு பயணமோ, ஒரு தவணையோ அதனுடன் சேர்ந்தே போய்விடுகின்றது.

இம்மோசடிகள் நாளுக்கொரு வேடத்தில் வருவதால் அவற்றை ஒவ்வொன்றாக மனனம் செய்து தப்பிக்க இயலாது. எனினும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடைவெளியிலேயே குடியிருக்கின்றன. 'பணம் அனுப்பப்பட்டது' என்ற செய்திக்கும், பணம் உண்மையாகவே எமது கணக்கில் வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள இடைவெளியே அது. அவ்விடைவெளியைப் புரிந்துகொண்டவரை ஏமாற்றுவது கடினம். எனவே முதலில் வங்கிகளுக்கிடையே பணம் எவ்வாறு நகர்கின்றது என்பதைப் பார்ப்போம்.

செய்தி வேறு, பணம் வேறு

இலங்கையில் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கியின் கணக்குக்குப் பணம் செல்லச் சாதாரண மக்கள் பயன்படுத்தும் வழிகள் பிரதானமாக மூன்று. முதலாவது, 'செஃப்ட்ஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொது இலத்திரனியல் நிதிய மாற்றல் முறை. 2015இல் ஆரம்பிக்கப்பட்ட இம்முறையில், கைத்தொலைபேசியிலுள்ள வங்கிச் செயலி மூலம் அனுப்பப்படும் பணம் சாதாரணமாக உடனடியாகவே பெறுநரின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றது. இரவு, ஞாயிறு, போயா விடுமுறை எதுவும் இதற்குத் தடையில்லை.

இரண்டாவது, 'சிலிப்ஸ்' எனப்படும் இலங்கை வங்கிகளிடைக் கொடுப்பனவு முறைமை. இதில் கொடுக்கல் வாங்கல்கள் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, வங்கி வேலை நாட்களில் தீர்க்கப்படுகின்றன. குறித்த நேரத்துக்குப் பின்னர் அனுப்பப்படும் பணம் அடுத்த வேலை நாள் வரை காத்திருக்க நேரும்.

மூன்றாவது காசோலை. காசோலையின் படத்தை மின்வழி அனுப்பித் தீர்க்கும் முறை இங்கு 2006இல் நடைமுறைக்கு வந்த பின்னர் காத்திருக்கும் காலம் பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் காசோலையை எழுதியவரின் வங்கி அதனை ஏற்றுக்கொண்டதன் பின்னரே அது பணமாகின்றது. அதற்குப் பொதுவாக அடுத்த வேலை நாள் வரையாவது செல்லும். இந்த இடைக்காலத்தில் வைப்பிடப்பட்ட தொகை கணக்கின் மீதியில் எழுதப்பட்டுத் தோன்றக்கூடும். ஆனால் அதனை மீளப்பெற முடியாது. வங்கிக் கூற்றிலே கணக்கு மீதி என்றும், எடுக்கக்கூடிய மீதி என்றும் இரண்டு தொகைகள் காட்டப்படுவதன் காரணம் இதுவே. விற்பவர் பார்க்கவேண்டியது இரண்டாவது தொகையையே.

ஆகவே 'காசு வந்துவிட்டது' என நாம் இலகுவாகச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. அனுப்புமாறு கட்டளையிடப்பட்டது ஒரு நிலை. கணக்கில் எழுதப்பட்டது மற்றொரு நிலை. எடுத்துச் செலவிடத்தக்கதாகச் சேர்ந்தது இன்னொரு நிலை. மோசடிக்காரர் எம்மை முதல் இரண்டில் ஒன்றைக் கண்டவுடனேயே பொருளைக் கொடுக்கச் செய்கின்றார். சில வேளைகளில் அந்த முதல் நிலைகூட உண்மையில் நிகழ்ந்திருப்பதில்லை.

மோசடியின் முகங்கள்

மிகவும் எளிமையானது பற்றுச்சீட்டின் படம். பேரம் பேசாமலே விலைக்கு உடன்படும் ஒருவர், கணக்கிலக்கத்தைக் கேட்டுப் பெற்று, சில நிமிடங்களில் பணம் அனுப்பியதற்கான படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கின்றார். வங்கியின் சின்னம், திகதி, தொகை, எமது பெயர், கொடுக்கல் வாங்கல் இலக்கம் யாவும் அதில் உள்ளன. சிறிது நேரத்தில் பொருளை எடுத்துச் செல்ல முச்சக்கரவண்டியொன்று வாசலில் வந்து நிற்கின்றது. ஆனால் படமொன்றைத் திருத்துவதற்கு இன்று பெரிய தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. பழைய பற்றுச்சீட்டொன்றில் பெயரையும் தொகையையும் மாற்றக் கைத்தொலைபேசியே போதும். பிந்திய திகதியொன்றுக்குப் பணம் அனுப்புமாறு வங்கிச் செயலியில் கட்டளையிட்டு, அதன் படத்தை எடுத்து அனுப்பிய பின்னர் அக்கட்டளையை நீக்கிவிடுவோரும் உண்டு. அவ்வேளையில் படம் உண்மையானது, பணம் மாத்திரமே பொய்யானது.

இரண்டாவது, வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றும் குறுஞ்செய்தி. குறுஞ்செய்தியொன்றின் மேற்பகுதியில் காணப்படும் அனுப்புநரின் பெயரைக் கைத்தொலைபேசி பரிசோதிப்பதில்லை. அது ஒரே பெயரில் வரும் செய்திகளை ஒரே வரிசையில் அடுக்கிக் காட்டுகின்றது. எனவே வங்கியின் பெயரைப் போலியாக இட்டு அனுப்பப்படும் செய்தியும், பல ஆண்டுகளாக எமது வங்கி உண்மையாக அனுப்பிவந்த செய்திகளின் கீழேயே வந்து அமர்ந்துவிட இயலும். சாதாரண இலக்கமொன்றிலிருந்து, வங்கியின் சொற்களை அப்படியே கையாண்டு அனுப்புவது இதன் மலிவான வடிவம். அவசரத்தில் இருப்பவர் சொற்களையும் தொகையையும் பார்க்கின்றாரே தவிர, அனுப்பிய இலக்கத்தைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, மேலதிகமாக அனுப்பப்பட்ட பணம். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா பெறுமதியான மேசையொன்றுக்கு எண்பத்தையாயிரம் ரூபா அனுப்பப்பட்டதாகச் செய்தி வருகின்றது. உடனே வாங்குபவர் பதற்றத்துடன் அழைத்து, தவறுதலாக ஒரு பூச்சியம் கூடிவிட்டதென்றும், மருத்துவச் செலவுக்கான பணமென்றும், மீதியைத் தயவுசெய்து அனுப்புமாறும் மன்றாடுகின்றார். இளகிய மனங்கொண்டவர் தனது சொந்தப் பணத்தை அனுப்பிவிடுகின்றார். வந்ததாகக் கூறப்பட்ட பணமோ ஒருபோதும் வந்திருக்கவில்லை. காசோலை மூலம் இது நடைபெறும்போது ஆபத்து இன்னும் அதிகம். கணக்கில் தொகை எழுதப்பட்டிருப்பதை விற்பவர் தனது கண்ணாலேயே காண்கின்றார். மறுநாள் காசோலை திரும்பும்போது மீதியாக அனுப்பிய பணமும் போய், பொருளும் போயிருக்கும்.

நான்காவது, பணத்தைப் பெறுவதற்கென அனுப்பப்படும் இணைப்பு. வாங்குபவர் தாம் தூர இடத்தில் இருப்பதாகவும், கூரியர் நிறுவனத்திடம் பணத்தைச் செலுத்திவிட்டதாகவும், இந்த இணைப்பை அழுத்தி உங்களது அட்டை விபரங்களைப் பதிந்தால் பணம் வந்துவிடும் என்றும் கூறுகின்றார். திறக்கும் பக்கம் உண்மையான நிறுவனத்தின் பக்கத்தைப் போலவே இருக்கும். அட்டையின் இலக்கம், அதன் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்கள், இறுதியாகக் கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. எனப்படும் ஒருதடவைக் கடவு எண் என ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகின்றது. இவை மூன்றும் பணத்தை எடுப்பதற்கு வேண்டியவை. பெறுவதற்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. 2019இல் ரஷ்யாவில் இம்முறை ஒரு தொழிலாகவே ஒழுங்கமைக்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்கும் பரவியதை குரூப்-ஐபி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து 'கிளாஸிஸ்காம்' எனப் பெயரிட்டது. போலிப் பக்கங்களை ஆக்கித்தரும் தானியங்கி நிரல்கள் டெலிகிராம் செயலியில் இயங்கியமையால், கணினி அறிவு இல்லாதவர்களும் இதில் ஈடுபட முடிந்தது.

அயல்நாடான இந்தியாவில் இதே தந்திரம் யு.பி.ஐ. முறையினூடாக அரங்கேறியது. பணம் கேட்கும் கோரிக்கையொன்றையோ கியூ.ஆர். குறியீடொன்றையோ விற்பவருக்கு அனுப்பி, பணத்தைப் பெற்றுக்கொள்ள இரகசிய எண்ணைப் பதியுமாறு கூறப்பட்டது. பதிந்தவரின் கணக்கிலிருந்தே பணம் வெளியேறியது. இதனால் தனிநபர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் இவ்வாறு பணம் கோரும் வசதியையே 2025 ஒக்டோபர் 1 முதல் நிறுத்துவதற்கு அந்நாட்டின் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தீர்மானித்தது. இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் தெளிவானது. குறியீட்டை ஸ்கேன் செய்வதும் இரகசிய எண்ணைப் பதிவதும் பணம் கொடுப்பவரின் வேலை. விற்பவரிடம் அவை கேட்கப்படுமாயின், அந்தக் கணத்திலேயே அவர் பணம் கொடுப்பவராக மாற்றப்பட்டுள்ளார் என்பதே பொருள்.

உண்மையான பணமும் சிக்கலாகும்போது

மேற்கூறிய நான்கிலும் பணம் வருவதில்லை. ஐந்தாவது வகையிலோ பணம் உண்மையாகவே வருகின்றது. அதனாலேயே அது மிகவும் கொடியது.

எடுத்துக்காட்டாக, வவுனியாவிலுள்ள ஒருவர் தனது மடிக்கணினியை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாவுக்கு விளம்பரப்படுத்துகின்றார் என வைத்துக்கொள்வோம். மோசடிக்காரர் அவ்விளம்பரத்தின் படங்களையே எடுத்து, அதே மடிக்கணினியைத் தான் விற்பதாக வேறோரிடத்தில் விளம்பரமிடுகின்றார். அதனைக் கண்ட கண்டிவாசி ஒருவர் வாங்க முன்வருகின்றார். 'எனது சகோதரரின் கணக்குக்குப் பணத்தை அனுப்புங்கள்' என அவரிடம் வவுனியாக்காரரின் கணக்கிலக்கம் கொடுக்கப்படுகின்றது. பணம் உண்மையாகவே வந்து சேர்கின்றது. வவுனியாக்காரர் தனது கணக்கைச் சரிபார்த்துத் திருப்தியடைந்து, மோசடிக்காரர் அனுப்பிய ஆளிடம் மடிக்கணினியை ஒப்படைக்கின்றார். கண்டியிலுள்ளவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் பொலிஸில் முறையிடும்போது அவரது கையில் இருக்கும் ஒரே தடயம் வவுனியாக்காரரின் பெயரும் கணக்கிலக்கமுமே.

இப்போது குற்றமற்ற இருவர் ஒருவரையொருவர் திருடரென எண்ணி நிற்கின்றனர். விற்பவரின் கணக்கு விசாரணைக்குட்படலாம். அதிலுள்ள பணத்தைக் கையாள முடியாத நிலையும் ஏற்படலாம். உண்மைத் திருடரோ இருவருக்கும் முகம் காட்டாமலே மறைந்துவிடுகின்றார்.

வீட்டிலிருந்து ஆடை, அணிகலன், இனிப்புப் பண்டம் போன்றவற்றை இணையத்தில் விற்கும் சிறு தொழில் முயற்சியாளர்களுக்கு இதனையொத்த வேறொரு ஆபத்தும் உண்டு. திருடப்பட்ட கடனட்டை மூலம் செலுத்தப்பட்ட பணம் முறையாகவே அவர்களை வந்தடைகின்றது. சில வாரங்களின் பின்னர் அட்டையின் உண்மையான உரிமையாளர் ஆட்சேபிக்கும்போது அப்பணம் திரும்பப் பெறப்படுகின்றது. இவ்வாறு ஆட்சேபிப்பதற்குச் சர்வதேச அட்டை நிறுவனங்களின் விதிகள் பல சந்தர்ப்பங்களில் 120 நாட்கள் வரை அவகாசம் அளிக்கின்றன. அதற்குள் பொருள் எங்கு சென்றதென்பதே தெரியாது.

எனவே விற்பவர் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் மூன்றாகின்றன. பணம் எடுக்கக்கூடிய நிலையில் வந்துவிட்டதா? அது யாரிடமிருந்து வந்தது? அதனைப் பெறுவதற்காக என்னிடம் ஏதேனும் இரகசியம் கேட்கப்படுகின்றதா? இம்மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைக்கும்வரை பொருள் கைமாறலாகாது.

அவசரமும் தாட்சண்யமும்

படித்தவர்களும் ஏன் இதில் சிக்குகின்றனர் எனச் சிலர் வியக்கின்றனர். அறியாமையைவிட அவசரமும் தாட்சண்யமுமே இங்கு அதிகம் பயன்படுத்தப்படுகின்றன என்பதே எமது கருத்து. பணம் வந்ததாகச் செய்தி, வாசலில் காத்திருக்கும் வாகனம், அடிக்கடி வரும் அழைப்பு ஆகிய மூன்றும் ஒரே பத்து நிமிடத்துக்குள் நிகழுமாறு ஒழுங்கு செய்யப்படுகின்றது. வங்கி மூடப்பட்ட பின்னரான வெள்ளிக்கிழமை மாலையோ, நீண்ட விடுமுறைக்கு முந்திய நாளோ தெரிவுசெய்யப்படுவதும் தற்செயலன்று. வங்கியிடம் விசாரிக்க இயலாத நேரமே அவர்களுக்கு உகந்த நேரம்.

இதற்கு மேலாக, சந்தேகிப்பது மரியாதைக் குறைவு என நாம் கருதுகிறோம். 'என்ன, எங்களை நம்பவில்லையா?' என ஒருவர் கேட்டுவிட்டால் கூசிப்போகும் பண்பு எம்மவரிடம் உண்டு. தம்மை இராணுவ அதிகாரி என்றோ, வைத்தியர் என்றோ, வெளிநாட்டிலுள்ள உறவுமுறைக்காரர் என்றோ அறிமுகம் செய்து, அடையாள அட்டையின் படத்தையும் முன்கூட்டியே அனுப்பிவைப்பதன் நோக்கம் அக்கூச்சத்தை வளர்ப்பதே. அந்த அடையாள அட்டை பெரும்பாலும் முன்னர் ஏமாற்றப்பட்ட வேறொருவருடையதாக இருக்கும். எனவேதான் விற்பவர்கள் தமது அடையாள அட்டையின் படத்தை எவருக்கும் அனுப்பலாகாது என நாம் வலியுறுத்துகிறோம். அது அடுத்தவரை ஏமாற்றும் கருவியாக மாறிவிடும்.

மொழியும் ஒரு காரணம் என்பதை இங்கு சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்திகள் பெருமளவில் ஆங்கிலத்திலேயே வருகின்றன. 'காசோலை தீர்க்கப்படுவதற்கு உட்பட்டது' என்ற பொருளைத் தரும் சிறிய ஆங்கிலச் சொற்றொடரொன்றைக் கவனியாது விட்டமையால் பொருளைப் பறிகொடுக்க நேரும் ஒருவரை அறிவிலி எனக் கூறுவது நீதியன்று. தொகையை மாத்திரம் படித்துவிட்டு மகிழும் நிலைக்கு அவரை ஆளாக்கியது யார் என்பதே கேள்வி.

விற்பவர் கைக்கொள்ளவேண்டியவை

பணம் வந்ததா என்பதை அறிய ஒரேயொரு வழியையே நம்பவேண்டும். அது, எமது கைத்தொலைபேசியில், எமது வங்கிச் செயலியை நாமே திறந்து, எடுக்கக்கூடிய மீதியையும் கொடுக்கல் வாங்கல் பட்டியலையும் பார்ப்பதாகும். செயலி இல்லாதவர்கள் ஏ.ரி.எம். இயந்திரத்தில் மீதியைப் பார்க்கலாம், அல்லது தமது அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்கு அழைக்கலாம். வாங்குபவர் தரும் இலக்கத்துக்கு அழைப்பதோ, அவர் அனுப்பும் இணைப்பைத் திறப்பதோ சரிபார்த்தல் ஆகாது.

'சிலிப்ஸ் மூலம் அனுப்பினேன், நாளை வந்துவிடும்' என ஒருவர் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் பொருளும் நாளையே செல்லட்டும். உண்மையான வாங்குநருக்கு இதனால் நட்டம் எதுவுமில்லை. ஒருநாள் காத்திருக்கச் சொல்லும்போது கோபமடைந்து மிரட்டுபவர் தன்னைத் தானே அடையாளம் காட்டிவிடுகின்றார். பதறாத காரியம் சிதறாது என்ற முதுமொழியை மறந்துவிடலாகாது.

பெறுமதிமிக்க பொருளாயின் வாங்குபவரை நேரில் வரச்செய்து, அவரது கைத்தொலைபேசியிலிருந்தே, அவரது பெயரிலுள்ள கணக்கிலிருந்தே எம் முன்னிலையில் பணத்தை அனுப்பச் செய்வது நன்று. பணத்தை அனுப்பியவரின் பெயரும் பொருளைப் பெற வந்தவரின் பெயரும் வேறுபடுமாயின், அதற்கான விளக்கத்தைப் பணம் அனுப்பியவரிடமே நேரடியாகப் பேசிப் பெறவேண்டும். முன்னர் விபரித்த முக்கோண மோசடியை முறியடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒப்படைக்கும்போது பெறுபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் குறித்து, கையொப்பத்துடன் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்வது பிற்காலத்தில் விற்பவரின் நேர்மைக்குச் சான்றாகும்.

பணத்தைத் தாளாகவே பெறுவதாயின் சந்திப்பை வங்கிக் கிளையொன்றில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயே எண்ணி, அங்கேயே வைப்பிட்டுவிட்டால் போலித்தாள் பற்றிய அச்சமும், பெருந்தொகையுடன் வீதியில் செல்லும் ஆபத்தும் நீங்கும். காசோலையைத் தவிர்ப்பதே உத்தமம். தவிர்க்க இயலாதவிடத்து அது தீர்க்கப்பட்டதை வங்கியிடம் உறுதிசெய்த பின்னரே பொருளை வழங்கவேண்டும். மோட்டார் சைக்கிள் போன்ற வாகனங்களில், பணம் முழுமையாகச் சேரும் முன்னர் உரிமை மாற்றப் படிவங்களில் கையொப்பமிடுவதும், மூலப் பதிவுச் சான்றிதழைக் கையளிப்பதும் கூடாது. பரீட்சார்த்தமாக ஓட்டிப்பார்க்கக் கொடுத்த வண்டி திரும்பி வராமற் போவதும் உண்டு என்பதால், அவ்வேளையிலும் கவனம் தேவை.

மேலதிகமாகப் பணம் வந்ததெனில் நாமாகத் திருப்பி அனுப்பாது, வங்கிக்கு அறிவித்து, வந்த கணக்குக்கே வங்கியின் ஊடாகத் திரும்பச் செய்வதே முறை. அதுபோலவே, தமது கணக்கை வேறொருவரின் பணம் வந்து செல்வதற்காக இரவல் கொடுப்பது சிறிய உதவிபோலத் தோன்றினாலும், மோசடிப் பணம் ஓடும் வாய்க்காலாக அக்கணக்கு மாறிவிட இடமுண்டு. சிறு தரகுக்காக இதனைச் செய்யும் இளைஞர்கள் பின்னர் விசாரணைகளுக்கு முகங்கொடுக்க நேரிடும் என்பதைப் பெற்றோர் உணர்த்தவேண்டும்.

இழந்த பின்னர்

இத்தனை கவனத்தையும் மீறி ஏமாற நேரிட்டால், முதலில் செய்யவேண்டியது வெட்கத்தை விலக்கிவைப்பது. ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்லர். வெளியில் சொல்லாது மறைக்கும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வரவிருந்த எச்சரிக்கையை இல்லாமற் செய்கின்றனர்.

அட்டை விபரங்களையோ கடவு எண்ணையோ கொடுத்துவிட்டவர், அல்லது 'மீதி' எனப் பணத்தை அனுப்பிவிட்டவர், அடுத்த நிமிடமே தனது வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் செய்யவேண்டும். மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்பட்டுத் தாளாக எடுக்கப்பட்டுவிடும். அதற்கு முன்னர் தடுக்க இயலுமா என்பது எவ்வளவு விரைவாக அறிவிக்கின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது.

பேசிய உரையாடல்கள், தொலைபேசி இலக்கங்கள், போலிப் பற்றுச்சீட்டு, கணக்கிலக்கங்கள் ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கவேண்டும். கோபத்தில் மோசடிக்காரரைத் திட்டி, அவரது இலக்கத்தைத் தடைசெய்து, உரையாடலையும் அழித்துவிடுவோர் தமது சாட்சியத்தைத் தாமே அழித்தவராவர். பறிபோனது கைத்தொலைபேசியாயின் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தையும், மடிக்கணினியாயின் அதன் தொடரிலக்கத்தையும் முறைப்பாட்டில் சேர்க்கவேண்டும். விற்பனைக்கு விளம்பரமிடும் முன்னரே இவ்விலக்கங்களை எழுதிவைப்பது விவேகம்.

இவற்றுடன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். ஏமாற்றிப் பொருளைக் கையளிக்கச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம். கணினி வழியான அத்துமீறல்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும், அட்டை மோசடிகளுக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுக் கருவிகள் மோசடிகள் சட்டமும் உள்ளன. கணக்கில் பணம் இல்லை எனத் தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றமாகும். இணையவழி மோசடிகளை 'சேர்ட்' எனப்படும் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். வங்கி முறையாகச் செயற்படவில்லை எனக் கருதுவோர் முதலில் வங்கிக்கு எழுத்துமூலம் முறையிட்டு, தீர்வு கிடைக்காதவிடத்து மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் நாடலாம்.

எனினும் ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. கணக்கிலிருந்து பணம் களவுபோனால் வங்கியிடம் விசாரிக்க இடமுண்டு. போலிப் பற்றுச்சீட்டை நம்பிக் கையளித்த பொருளுக்கு வங்கி பொறுப்பாகாது. ஏனெனில் அதன் ஏடுகளில் எதுவுமே நிகழவில்லை. ஆகவே பின்னர் தேடும் தீர்வைவிட முன்னர் காக்கும் பொறுமையே விற்பவருக்கு உண்மையான காப்புறுதி.

பொறுப்பு தனிமனிதருக்கு மாத்திரமா?

மக்கள் விழிப்பாக இருக்கவேண்டும் எனக் கூறுவதுடன் அதிகாரிகளும் நிறுவனங்களும் தமது கடமை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. அனுப்புநர் பெயருடன் வரும் குறுஞ்செய்திகளைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் முறையை சிங்கப்பூர் 2023 ஜனவரி இறுதியில் நடைமுறைப்படுத்தியது. பதியப்படாத பெயரில் வரும் செய்தி அங்கு 'மோசடியாக இருக்கக்கூடும்' என்ற முத்திரையுடனேயே சென்றடைகின்றது. எமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் மத்திய வங்கியும் இத்தகைய காப்பை இந்நாட்டு மக்களுக்கும் முழுமையாக உறுதிசெய்யவேண்டும்.

1987இல் நிறைவேற்றப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும். அவ்வாறிருக்க, ஒருவரின் வாழ்நாள் சேமிப்புப் பற்றிய செய்தி அவருக்கு விளங்கும் மொழியில் வரவேண்டும் எனக் கோருவது சலுகை கேட்பதாகாது. 'இது இன்னும் பணமாகவில்லை' என்ற எச்சரிக்கையைத் தெளிவான தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புவதற்கு வங்கிகளுக்குப் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப்போவதில்லை. விளம்பரக் கட்டணம் பெறும் இணையத்தளங்களும், ஒரே படம் வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் பதியப்படுவதைக் கண்டறிந்து நீக்கும் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் எமது முன்னோர். பற்றுச்சீட்டின் படம் கண்ணால் காண்பது, பதற்றமான தொலைபேசிக் குரல் காதால் கேட்பது. எமது கணக்கை நாமே திறந்து பார்ப்பதும், பணத்தை அனுப்பியவரிடம் நாமே பேசுவதுமே தீர விசாரிப்பது. அதற்குச் செலவாகும் சில நிமிடங்களை வாங்குபவர் மறுப்பாராயின், அவருக்குப் பொருளை விற்காமல் விடுவதால் விற்பவர் எதையும் இழக்கப்போவதில்லை.